உல்லம் ஏறிய ஆறு

மார்கழி மாதத்தில் விடியற்காலையில் எழுந்திருக்கிறவர்கள் இரண்டு வகை. கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. மீன் பிடிக்கப் போகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையாரைப் பற்றி நம்முடைய பத்திரிகைகள் வருஷந் தவறாமல் எழுதுகின்றன. கோலம், பஜனை, வெண்பொங்கல் எல்லாவற்றுக்கும் படம் போடுகின்றன. இரண்டாம் வகையாரைப் பற்றி எழுதுவாரில்லை. அவர்களும் அதே பனியில்தான் எழுந்திருக்கிறார்கள்; அதே குளிர்ந்த நீரில்தான் இறங்குகிறார்கள்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே தூக்கம் கலைந்துவிட்டது. நண்பர் சொன்னார்: "எழுந்ததுதான் எழுந்தீர்கள், அணைக்கரைக்குப் போய்விட்டு வரலாம், வாருங்கள். இந்த மாதத்தில் அங்கே கரையோரம் மீன் பிடிப்பது ஒரு காட்சி." கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டி, பெயரிலேயே மீனை வைத்துக்கொண்டிருக்கும் மீன்சுருட்டி வழியாகப் போனோம். பனிமூட்டத்தில் சாலை தெரியவில்லை. அணைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே மெதுவாக வெளுத்துக்கொண்டிருந்தது.

அணைக்கரை என்பது கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணை இருக்கும் இடம். அரியலூர் மாவட்டத்தின் கிழக்கெல்லையை ஒட்டிய ஊர். ஐப்பசி கார்த்திகை வெள்ளம் வடிந்து, ஆறு அடங்கிப் போயிருந்தது. கதவுகளுக்குக் கீழே தேங்கிய நீரில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை வீசுகிறவர்கள் சிலர். பாறை மேல் குந்திக்கொண்டு தூண்டில் போடுகிறவர்கள் சிலர். கரையில் வைக்கோலைக் கொளுத்திக் குளிர் காய்கிறவர்கள் சிலர். மேல்நாட்டார் நம்முடைய மார்கழிக் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் விடியற்காலையில் நனைந்த வேட்டியோடு ஆற்றில் நிற்கிறவனுக்கு வெப்பமானியைப் பற்றிக் கவலையில்லை. பற்கள் அடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

ஒரு கிழவர் வலையை உதறிக் கொட்டினார். நாலைந்து கெண்டை, இரண்டு கெளுத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி மீன்கள்.

"பெரியவரே, இன்றைக்கு நல்ல பாடுதானே?" என்று கேட்டேன்.

"என்னங்க நல்ல பாடு! இதெல்லாம் குளத்து மீனுங்க. ஆத்து மீன் எங்கே இருக்கு?" என்றார். பிறகு, சிறிது யோசித்துவிட்டு, "எங்க பாட்டன் ஒரு மீன் பேரு சொல்லுவாருங்க. உல்லம்னு. கடல்லேருந்து ஏறி வருமாம். ஆடி வெள்ளத்துல, வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு, கூட்டம் கூட்டமா. முள்ளு அதிகம், ஆனா ருசிக்கு அதுக்கு மேல ஒண்ணும் இல்லேம்பாரு. நான் பார்த்ததில்லை. பேரு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

பேர் மட்டுந்தான் தெரியும் என்று அவர் சொன்ன விதம் என் மனத்தில் தங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த மீனைத் தேடத் தொடங்கினேன். ஆற்றில் அல்ல, பழைய புத்தகங்களில்.

*

உல்லம் என்பது வேறெதுவும் இல்லை. வங்காளிகள் இலீஷ் என்று உயிரை விடுகிறார்களே, அந்த மீன்தான். ஆந்திரத்துக் கோதாவரிக் கரையில் அதற்குப் புலஸ என்று பெயர். தாலியை விற்றாவது புலஸ தின்ன வேண்டும் என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. இந்த மீன் வாழ்வது கடலில். ஆனால் முட்டையிட நன்னீர் வேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் இறங்கிக் கடலில் கலந்ததும், அந்த ருசியை உணர்ந்து, முகத்துவாரத்தில் நுழைந்து, வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். பெரிய பெண் மீன் ஒன்றின் வயிற்றில் பத்து லட்சத்துக்கு மேல் கூட முட்டை இருக்கும். முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சில மாதங்கள் ஆற்றில் வளர்ந்து, வெள்ளம் வடிந்த பிறகு, பனிக்காலமும் அதை அடுத்த மாதங்களுமாகச் சிறுகச் சிறுகக் கடலை நோக்கி இறங்கும். ஆகவே ஆடியில் ஏறுவது தாய். மார்கழியில் இறங்குவது பிள்ளை.

'அரியலூருக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர்கள் கேட்கலாம். சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலைகளும் முந்திரிக் காடுமாக இருக்கும் ஊர் அது. ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கல்லே கடல் கொடுத்ததுதான். சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் தொடங்கி நெடுங்காலம் அந்தப் பிரதேசத்தில் கடல் புகுந்து கிடந்தது. கள்ளங்குறிச்சிப் பக்கம் சுரங்கங்களில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுறாவின் பற்கள் கூட அகப்படுகின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன். கடல் பின்வாங்கிப் போய்விட்டது. இன்றைக்கு அணைக்கரையிலிருந்து கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் கடலுக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு பாதை மிச்சம் இருந்தது. அந்தப் பாதைதான் கொள்ளிடம். அந்தப் பாதையில் வருஷந்தோறும் வந்து போய்க்கொண்டிருந்த விருந்தாளிதான் உல்லம்.

அந்த விருந்தாளிக்கு வழி அடைத்தது யார் என்று கேட்டால், பதில் ஒரு நல்ல மனிதரின் பெயராக இருக்கிறது. சங்கடமே அங்கேதான்.

*

முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவேரி; வடக்குக் கிளை கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே நீரெல்லாம் அந்தப் பக்கமே சரிந்து ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. காவேரியோ மணல் மேடிட்டுக் கொண்டு வந்தது. தஞ்சை ஜில்லா காய்ந்துபோகும் என்ற பயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்மையான பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில் இந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் சென்னை என்ஜினீயர் படையைச் சேர்ந்த ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்தவர்; அப்போது வயது முப்பதைச் சுற்றித்தான். மணற்படுகையில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலையில் மேலணை; அங்கிருந்து சுமார் 70 மைல் கீழே அணைக்கரையில் கீழணை. 1836-ல் இரண்டும் எழுந்துவிட்டன. மேலணை நீரைக் காவேரிக்குத் திருப்பியது. கீழணை, அதையும் தப்பி வந்த நீரைப் பிடித்து, வடக்கே வடவாற்றுக்கும் வடக்கு ராஜன் வாய்க்காலுக்கும், தெற்கே தெற்கு ராஜன் வாய்க்காலுக்கும் குமுக்கி மண்ணியாற்றுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது.

அதன் பலனை நான் விவரிக்க வேண்டியதில்லை. கும்பகோணம், சிதம்பரம் பக்கத்து வயல்களின் நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் வீராணத்து நீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. மாம்பலத்தில் இருந்துகொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்கும் அம்மணி குடிக்கும் ஒரு டம்ளர் நீரில், அணைக்கரை நீரும் கலந்திருக்கக் கூடும்.

ஆனால் எந்த அணையும் சும்மா எழுவதில்லை. கீழணை எழுந்ததற்கு முதலில் விலை கொடுத்தது கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், அணைக்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் கல்லும் கல்லுமாக நின்றது. அணைக்குக் கல் வேண்டியிருந்தது. கோயிலின் சுற்று மதிலை ஏறக்குறைய முழுவதும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சர்க்கார் ஒரு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு நிறைவேறவில்லை. இவ்வளவையும், 1855-ல் வெளியான ஒரு குறிப்பு, ஆங்கிலேயரின் ஆட்சியிலேயே, மனம் நொந்து பதிவு செய்திருக்கிறது. கங்கை நீரைக் கொண்டுவந்த வெற்றிக்கு அடையாளமாக, நீராலேயே ஆன ஜயஸ்தம்பமாகச் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான் ராஜேந்திரன். அவனுடைய கோயில் கற்களே எண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு வேறொரு நீர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தன.

கோயிலுக்காவது தடுத்து நிற்க ஜனங்கள் இருந்தார்கள். எழுதி வைக்க ஓர் ஆள் இருந்தான். இரண்டாவதாக விலை கொடுத்த மீனுக்கு யாரும் இல்லை. 1836-ல் ஆடி வெள்ளத்தோடு ஏறி வந்த உல்லம் கூட்டம், அதுவரை இல்லாத ஒரு சுவரைக் கண்டு திகைத்திருக்கும். பெருவெள்ளத்தில் அணை மூழ்கியபோது சில மீன்கள் தாண்டியிருக்கலாம். மற்றவை அணையடியில் முட்டி மோதிக் கொண்டு நின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அணையடியில் மீன் கூட்டமாக நிற்கும்போது பிடிப்பது சுலபம். வலை போட்டால் வலை கிழியும். ஆகவே பார்க்கிறவர்களுக்கு, அணை வந்த பிறகு மீன் பெருகிவிட்டதாகவே தோன்றும். ரயில் வராத ஸ்டேஷனில் கூடி நிற்கும் ஜனத்தைப் பார்த்து, 'இந்த ஊரில் எவ்வளவு ஜனம்!' என்று ஒருவன் வியப்பதைப் போல. முட்டையிட வந்த மீன் முட்டையிடாமலே பிடிபட்டது. சில ஆண்டுகளுக்கு ஊரெல்லாம் மீன் மயமாக இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். குறைவது ஒரே நாளில் நடந்தால் கூச்சல் கிளம்பும். ஒரு தலைமுறையில் நடந்தால் 'அந்தக் காலத்திலே' என்ற பேச்சாக முடிந்துவிடும்.

*

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இனிமேல்தான் வருகிறது.

காட்டன் பிறகு கோதாவரிக்குப் போனார். தௌலேஸ்வரத்தில் 1852-ல் முடிந்த அணை அவருக்கு அழியாப் புகழைக் கொடுத்தது. அந்தச் சீமையில் இன்றும் அவரைத் தெய்வம் போல் கொண்டாடுகிறார்கள். 1860-ல் இந்தியாவை விட்டுப் போனார். அடுத்த வருஷம் 'சர்' பட்டம் கிடைத்தது. இனி நிம்மதியாகத் தோட்டத்தில் உட்கார்ந்து பழம்பெருமை பேசலாம். ஆனால் 1867-ல், அறுபத்து நாலு வயதில், அவர் ஒரு காரியம் செய்தார். 'ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன் வளத்துக்குக் கேடு விளைந்திருக்கக் கூடும். அதை விசாரிக்க வேண்டும்' என்று மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

அணை கட்டியவரே அப்படிக் கேட்டார்! வேறு யாரும் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை. வயலுக்கு நீர் வந்தவர்கள் வாழ்த்தினார்கள். மீனை இழந்தவர்களுக்கு மனுப்போடத் தெரியாது. முப்பது வருஷம் கழித்து, தம்முடைய புகழுக்கே ஆதாரமான வேலையைத் தாமே திருப்பிப் பார்த்து, 'இதில் ஏதாவது தப்பு நேர்ந்துவிட்டதா?' என்று கேட்க ஒரு மனிதருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! கதை எழுதுகிறவன் நான். பழைய கதைகளில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னாலே எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கேள்வியின் பேரில் விசாரணைக்கு வந்தவர் பிரான்சிஸ் டே. சென்னைப் பட்டாளத்தில் டாக்டர். ஆனால் மனம் முழுவதும் மீனிடத்தில். ஆறு ஆறாகச் சுற்றினார். கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பினார்: உங்கள் ஜில்லாவில் என்ன மீன் இருக்கிறது? முன்னை விடக் குறைந்ததா, கூடியதா? குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? வலைக்கண் என்ன அளவு? நம் நாட்டில் செம்படவர்களின் தொழிலைப் பற்றிச் சர்க்கார் இவ்வளவு விவரமாகக் கேட்டதே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். 1873-ல் அறிக்கை வெளிவந்தது. அணைகள் மீனின் வழியை அடைக்கின்றன, அணையடியில் கூடும் மீன் தப்ப வழியில்லாமல் அழிகிறது, ஆகவே மீன் ஏறிப் போக அணைகளில் வழி விட வேண்டும் என்று டே வாதாடினார். 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. ஆற்றில் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் அது தடுத்தது. அணைகளுக்கு வழி விடச் சொல்லவில்லை.

மேல்நாட்டில் அணைகளின் பக்கத்தில் படிப்படியாகத் தொட்டி கட்டி நீரை இறங்கவிடுவார்கள். சால்மன் என்ற மீன் ஒவ்வொரு படியாகத் துள்ளி ஏறிப் போய்விடும். இதற்கு மீன் ஏணி என்று பெயர். இங்கிலாந்துக்காரர்கள் இந்த ஏணியைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இருந்தது. லண்டனில் ஓடும் தேம்ஸ் நதியில் ஒரு காலத்தில் சால்மன் ஏராளம். தடுப்பணைகளும் நகரத்துச் சாக்கடையும் சேர்ந்து 1830-களில் அந்த இனத்தை அங்கே இல்லாமல் செய்துவிட்டன. கொள்ளிடத்தில் உல்லத்துக்கு வழி அடைபட்டதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான்! நூற்று நாற்பது வருஷம் கழித்து, 1974-ல், தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அருகே ஒரே ஒரு சால்மன் அகப்பட்டபோது, லண்டனே கொண்டாடியது.

ஆனால் சால்மனுக்குச் செய்த ஏணி உல்லத்துக்கு உதவாது. இது துள்ளி ஏறுகிற ஜாதியல்ல. வெள்ளத்தின் ஆழத்தில் கூட்டமாக நீந்திப் போகிற ஜாதி. ஏணியின் காலடியில் நின்றுகொண்டு, ஏறத் தெரியாமல் விழிக்கும். சீமையிலிருந்து வந்த அளவில் சட்டை தைத்து நம்மவருக்குப் போட்டுப் பார்த்த கதைதான்.

1907-ல் சென்னை ராஜதானியில் மீன்துறை தோன்றியது. அதை வளர்த்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்துக்கும் வித்திட்டவர் அவர்தான். மீன் ஏற முடியாவிட்டால் போகட்டும், மனிதன் அதற்குப் பிரசவம் பார்க்கலாமே என்று துறையார் யோசித்தார்கள். 1909-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்சன் என்ற நிபுணர் கொள்ளிடக் கரையில் இறங்கினார். வலையில் சினை மீன் விழுந்ததும் அதன் வயிற்றை மெதுவாகப் பிதுக்கிப் பாத்திரத்தில் முட்டையை எடுப்பது; ஆண் மீனின் விந்தை அதோடு கலப்பது; பொரிந்த குஞ்சை ஆற்றில் விடுவது. பின்னாளில் சென்னை மீன்துறையின் டைரக்டராக விளங்கிய பி. சுந்தரராஜ் இந்த வேலையைத் தொடர்ந்து ஆராய்ந்து, கொள்ளிடத்து உல்லத்தைப் பற்றி 1917-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். உலகத்தில் இந்த மீனைப் பற்றிச் சாஸ்திர ரீதியாக நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று நம்முடைய கொள்ளிடக் கரையில் நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இது.

முயற்சி உயர்ந்தது, பலன் நிலைக்கவில்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அதற்கு முன்பே மைசூரில் கண்ணம்பாடி அணை வந்துவிட்டது. ஆடி வெள்ளம் தன் இஷ்டப்படி வருவது போய், மனிதர் திறந்துவிட்டால் வருவது என்றாயிற்று. உல்லத்தைக் கடலிலிருந்து கூப்பிடுவது அந்த வெள்ளந்தான். 1836-ல் கதவு மூடியது. 1934-க்குப் பிறகு கூப்பிடும் குரலும் அடங்கிப் போயிற்று. காவேரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் பழங்கதையாகிவிட்டது.

*

புத்தகத்தில் படித்தது போதாதென்று, அந்த மீன் ஆற்றில் நுழைந்த வாசலையும் பார்த்துவிட விரும்பினேன். அடுத்த தை மாதத்தில் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்குப் போனேன். தென்கரையில் பழையாறு, வடக்கே பிச்சாவரத்துக் கழிகள். கடல் நீர் ஏறுவதும் வடிவதுமாக ஆறும் கடலும் கைகோத்துக் கொண்டிருக்கும் இடம்.

அங்கேயும் விடியற்காலை, அங்கேயும் பனி. கழியில் நீர் வடியும் நேரம் பார்த்து இருளர் பெண்கள் இறங்கியிருந்தார்கள். மார்பளவு நீர். கையில் வலை இல்லை, தூண்டில் இல்லை. பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். உடம்பு நடுங்குவது கரையிலிருந்தே தெரிகிறது. ஆனால் கை நடுங்குவதில்லை. நடுங்கினால் இறால் தப்பிவிடும்.

கரையேறிய ஓர் அம்மாளிடம், "குளிருக்கு நெருப்புக் காயக் கூடாதா, அம்மா?" என்று கேட்டேன்.

"தண்ணி வத்துற நேரம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாங்க?" என்றாள்.

உல்லத்தைப் பற்றிக் கேட்டேன். கடலுக்குப் போகிற படகுகளில் எப்போதாவது ஒன்றிரண்டு விழும் என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார். ஆற்றில் ஏறி யாரும் பார்த்ததில்லை. "மீன் ஏறலைங்க, உப்புத்தான் ஏறுது" என்றார்.

அது வேடிக்கைப் பேச்சல்ல. மேலேயிருந்து வரும் நீர் குறைந்தது. மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்தது. கடல் நீர் ஆற்றின் வழியே முன்னை விட வெகுதூரம் உள்ளே வருகிறது. கரையோரக் கிணறுகள் கரிக்கின்றன. அதைத் தடுக்கவும் வெள்ள நீரைத் தேக்கவும் அணைக்கரைக்குக் கீழே ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். கட்டியது தவறென்று நான் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்க்காதவன் அதைச் சொல்லக் கூடாது. ஆனால் காட்டன் 1867-ல் கேட்ட கேள்வியை, கட்டும்போதே கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஏனென்றால், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொள்ளிடம் மட்டும் சாட்சி அல்ல. 1975-ல் கங்கையின் குறுக்கே பராக்கா அணை வந்தது. அதற்கு முன் அலகாபாத் வரையில் ஏறிக்கொண்டிருந்த இலீஷ், அதற்குப் பிறகு மேலே அரிதாகிவிட்டது. கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. வங்காள தேசத்தார் பனிக்காலம் தொடங்கும் நவம்பர் முதல் ஜூன் வரையில் குஞ்சு மீனைப் பிடிக்கத் தடை போட்டார்கள். முட்டையிடும் ஐப்பசியில் சில வாரங்களுக்கு வலையே கூடாதென்றார்கள். அந்த நாட்களில் செம்படவர் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தார்கள். 2002-03-ல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த இலீஷ் வரத்து, 2017-18-ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. தடையோடு அரிசியும் சேர்த்துக் கொடுத்ததுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். மீனைக் காப்பாற்றுகிற செலவை ஏழைச் செம்படவனின் தலையில் மட்டும் கட்டவில்லை.

கீழணையை இடித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சோற்றைத் தின்றுகொண்டே வயலை வைகிறதாகும். நான் சொல்ல வருவது கணக்கைப் பற்றி. ஒரு நன்மையைச் செய்கிறபோது வரவுப் பக்கம் மட்டும் எழுதிப் பற்றுப் பக்கத்தை வெறுமையாக விட்டால், அந்தப் பற்று இல்லாமல் போய்விடுவதில்லை. யாரோ ஒருவன் தலையில் ஏறுகிறது. கொள்ளிடத்தில் அது ஆற்றங்கரையில் குளிரில் நிற்கிறவன் தலையில் ஏறியது. அவன் கேட்கவும் இல்லை. அவனுக்காகக் கேட்டவர், அந்தக் கணக்கை முதலில் எழுதிய மனிதரேதான். ஆர்தர் காட்டன் கட்டிய அணைகளைக் காட்டிலும், 1867-ல் அவர் கேட்ட கேள்வியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் அரியலூர் பக்கத்துக் கரைவெட்டி ஏரிக்குப் போனேன். 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈர நிலங்களின் ஜாபிதாவில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டிப் பறந்து, குளிர்காலத்துக்கு அங்கே வந்து இறங்குகின்றன. மலை அவற்றைத் தடுக்கவில்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரத்துக் கடலிலிருந்து ஒரு மீன் வர முடியவில்லை.

அணைக்கரையில் மறுபடி அந்தக் கிழவரைப் பார்த்தேன். உல்லத்தைப் பற்றி நான் படித்தறிந்ததையெல்லாம் சொன்னேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கட்டின துரையே முப்பது வருஷம் கழித்து விசாரிக்கச் சொன்னார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ எங்க பாட்டன் சொன்னது பொய் இல்லீங்களே?" என்றார்.

"பொய் இல்லை, பெரியவரே" என்றேன்.

அவர் தலையை அசைத்துவிட்டு, பனி விலகாத நீரில் மறுபடி இறங்கி வலையை விரித்து வீசினார்.